பஸ்ஸுக்கு இறங்காத நாள்

நல்லரத்தினத்தைப் பஸ் தட்டிவிட்டது என்று செய்தி வந்ததும் ரிப்கா கேட்ட முதல் கேள்வி, "பெட்டிக்கு ஏதும் நடந்ததா?" என்பதுதான். மனிதருக்கு என்ன என்று கேட்கவில்லை. அவருடைய சைக்கிளில் பூட்டியிருந்த சென்சர் பெட்டிக்கு என்ன என்று கேட்டாள். வாய் முந்திக்கொண்டது, வேறென்ன சொல்ல. தொலைபேசியின் மறுபக்கத்தில் நல்லரத்தினத்தின் மனைவி ஆச்சிப்பிள்ளை இருந்தாள். பெட்டி உடையவில்லை மிஸ், பொலிசார் சைக்கிளோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள், ஆள்தான் ஆசுபத்திரியில் கிடக்கிறார் என்று சொன்னாள். அதில் கோபம் துளியும் இல்லை. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் ரிப்காவால் அன்று மத்தியானம் ஒரு வாய் சோறாவது தின்ன முடிந்திருக்கும்.

ரிப்கா காத்தான்குடிக்காரி. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு உதயரூபன் சேர் நடத்திய ஓர் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். ஆய்வு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிளில் போகிறவர்களைப் பஸ்ஸும் லொறியும் எவ்வளவு கிட்டத்தில் உரசிக்கொண்டு முந்துகின்றன என்று அளந்து பார்ப்பது, அவ்வளவுதான். நம் ஊரில் சைக்கிளில் போகிறவன் அடிபட்டால் அவன்தான் குறுக்கே வந்தான் என்பார்கள். குறுக்கே வந்தானா இல்லையா என்று இதுவரை யார் அளந்து பார்த்தார்கள்? அளக்கத்தான் இந்த ஏற்பாடு.

சைக்கிள் ஹாண்டிலுக்குக் கீழே வலது பக்கமாக அந்தப் பெட்டியைப் பூட்டுவார்கள். முந்துகிற வாகனம் வலது பக்கத்தால்தானே போகும். பெட்டியும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை விட்டபடி போய், பக்கத்தில் எது வந்தாலும் அது எவ்வளவு தூரத்தில் வந்தது, எந்த இடத்தில் வந்தது என்று பதிந்துவிடும். ஹாண்டிலில் ஒரு சிவப்புப் பட்டனும் உண்டு. நெஞ்சு திடுக்கிடும்போது ஓட்டுகிறவர் அதை அமத்த வேண்டும். கல்லடி, நாவற்குடா, ஏறாவூர் என்று அங்கங்கே பத்துப் பன்னிரண்டு பேருடைய சைக்கிள்களில் இதைப் பூட்டியிருந்தார்கள். கிழமைக்கொரு தடவை ரிப்கா வீடு வீடாகப் போய்ப் பதிவுகளை எடுத்து வருவாள். கடைசியில் எல்லாம் ஒரு வரைபடத்தில் ஏறும். ஆபத்தான இடம் சிவப்பு, பரவாயில்லாத இடம் பச்சை. சிவப்பு விழுந்த இடங்களில் றோட்டின் கரையை அகலமாக்கிச் சைக்கிளுக்கென்று ஒரு கோடு போட்டுத் தருவதாக அதிகாரிகள் தலையாட்டியிருந்தார்கள்.

நல்லரத்தினம் நாவற்குடாவில் இருக்கிறவர், தையல்காரர். கடை வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில். தினமும் ஆரையம்பதியைத் தாண்டி, வாவியைக் குறுக்கறுக்கும் தாம்போதியால் போய் வருவார். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே றோட்டு, கரையில் கொஞ்சம் கிறவல் மண். அந்தத் தாம்போதியால் போய்வந்த சென்சர் சைக்கிள் அவருடையது ஒன்றுதான்.

அவரைப் பற்றி ஊருக்குள் ஒரு பகிடி இருந்தது. பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டால் மனிதர் சைக்கிளை விட்டு இறங்கி, கிறவலில் உருட்டி ஒதுக்கி, பஸ் போகும்வரை நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். பள்ளிக்கூடத்தில் சேரைக் கண்டால் எழும்பி நிற்கிற பிள்ளை மாதிரி. பகிடி விடுகிறவர்களில் முதல் ஆள் ஆச்சிப்பிள்ளைதான். பேரில்தான் ஆச்சி, ஆளுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை, வாயோ இருபது வயது வாய். ரிப்கா பெட்டி பூட்டப் போன முதல் நாளே தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் மனிசன் பஸ்ஸுக்கு மரியாதை குடுக்கிற ஆள் மிஸ், உங்கள் பெட்டிக்கு ஒன்றும் அம்பிடாது என்று சொல்லிச் சிரித்தாள். நல்லரத்தினமும் கூடச் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பற்றிய பகிடிக்குத் தானே சிரிக்கிறவனுக்கு அது வலிக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரிப்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

அவரால் எப்போதும் இறங்கிவிட முடிந்திருந்தால் பெட்டிக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடிக்கிற காலைகளில் பின்னால் வருவது காதுக்கு எட்டாது. பஸ் தோளோடு வந்த பிறகுதான் தெரியும். இறங்கவா நேரம்? மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே போக வேண்டியதுதான். அப்படிப் போன நேரங்களில் பெட்டி பதிந்ததைத்தான் ரிப்கா கணினியில் பார்த்தாள். ஒரு முழம். முழத்துக்கும் குறைவு. மறுபடி ஒரு முழம். மற்றவர்களுடைய பதிவுகளில் இது இவ்வளவு அடிக்கடி இல்லை.

பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இது மீன் பேக் என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். பெட்டி பூட்டப் போன அன்று நல்லரத்தினம் வலது பக்க ஹாண்டிலில் மணலை மீன் பேக் ஒன்றைக் கொழுவிக்கொண்டு வந்திறங்கியதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். அவளுடைய வாப்பாவும் அப்படித்தான். மட்டக்களப்பில் எந்த ஆம்பிளை வெறும் ஹாண்டிலோடு வீடு திரும்புகிறான்? பேக் ஆடும், ஆடி ஆடிப் பெட்டியின் முன்னால் வரும், பெட்டி அதைப் பஸ் என்று பதியும். வெளியூர்க்காரி ஒருத்தி இந்த வேலையைப் பார்த்திருந்தால் இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்காது. பெட்டி சொன்னதை அப்படியே நம்பியிருப்பாள். ரிப்கா ஊர் தெரிந்தவள். அந்தக் கெட்டித்தனம்தான் அவளைக் கெடுத்தது.

மறைப்பு விழுந்த பதிவுகளை ஒதுக்கிவிடலாம் என்பது சேர் போட்ட விதி. எது மறைப்பு என்று தீர்மானிப்பதை ரிப்காவிடமே விட்டிருந்தார். நல்லரத்தினத்தின் தாம்போதிப் பதிவுகள் முழுவதையும் அவள் ஒரே அமத்தலில் ஒதுக்கினாள். வரைபடத்தில் தாம்போதி பச்சையாகியது. அதே கிழமையில் கல்லடிப் பிரதீஸின் பதிவிலும் இதே மாதிரி இரண்டு நெருக்கம் இருந்தது. பிரதீஸ் வங்கியில் வேலை பார்க்கிறவன், ஹெல்மெட் போட்டு விலையுயர்ந்த சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். அவன் ஹாண்டிலில் என்ன தொங்கியது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டையும் சேரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், அங்கே சிவப்பு விழுந்தது.

இதோடு விட்டிருந்தாலும் பாதிப் பாவம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவற்குடாவுக்குப் போய், பதிவு சரியில்லை ஐயா, பேக்கை வலது பக்கம் கொழுவுறீங்கபோல என்று சொன்னாள். நல்லரத்தினம் திகைத்துப் போனார். முதல் நாள் மிஸ் சொன்னதிலிருந்து பேக்கை இடது பக்கம்தான் கொழுவுவதாகவும், காலையில் போகும்போது பேக்கே இல்லை என்றும், சாமான் பெட்டி எல்லாம் பின்னால் கரியரில்தான் என்றும் மெதுவாகச் சொன்னார். வாகனங்கள் அப்படித்தான் கிட்ட வருகின்றன என்றும் சொன்னார். சொன்னது ரிப்காவின் காதில் விழுந்தது. விழுந்தும் அவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்தபடி சொன்னாள்.

"பெட்டி சொல்றாப்போல அவ்வளவு கிட்ட வந்திருந்தா, ஐயா, நீங்க இண்டைக்கு இஞ்ச இருந்து என்னோட கதைச்சிட்டு இருக்க மாட்டீங்க."

நல்லரத்தினம் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப, அவ்வளவு கிட்ட வாறல்லையா மிஸ்?"

"வாறல்ல ஐயா. உங்களுக்குப் பயத்தில அப்பிடித் தெரியிது. பட்டனையும் சும்மா சும்மா அமத்தாதீங்க. பஸ்ஸுக்கு இறங்கவும் தேவையில்ல, நீங்க இறங்கினா எங்கட அளவும் பிழைச்சிடும். பயமில்லாமப் போங்க."

அவருடைய முகம் வெளித்தது. ஆச்சிப்பிள்ளையைக் கூப்பிட்டு, கேட்டியா, அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்றார். ஆச்சிப்பிள்ளை அடுப்படியிலிருந்தபடி, அதைத்தானே நானும் இவ்வளவு காலமாகச் சொல்கிறேன், நான் சொன்னால் ஏறாது, மிஸ் சொன்னால் ஏறுது என்று முணுமுணுத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். ரிப்கா கொடுத்த சொல் கெட்டுப்போகாமல் நின்றது. மனிதர் அதை விடவே இல்லை.

செய்தி வந்த அன்றே பின்னேரம் அவள் ஆசுபத்திரிக்குப் போனாள். அப்பிள் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகத் தேடினாள். நல்லரத்தினம் சுவரோரக் கட்டிலில் கிடந்தார். வலது கால் பாதம் முழுக்கக் கட்டு, இரும்புக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸின் பக்கம் தோளில் பட்டு விழுந்ததும் பின் ரயர் பாதத்தில் ஏறியிருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இனி ஊன்றி நடப்பாரா, தையல் மிசின் மிதிப்பாரா என்று டொக்டர் ஒன்றும் சொல்கிறார் இல்லை என்று ஆச்சிப்பிள்ளை வாசலிலேயே சொல்லியிருந்தாள். அவளுடைய வாயில் அன்று ஒரு பகிடியும் இல்லை.

ரிப்காவைக் கண்டதும் நல்லரத்தினம் எழும்பப் பார்த்தார். கிடங்க ஐயா, கிடங்க என்று அவள் பதறினாள். அவர் கிடந்தபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். ஆம், அவர்தான் கேட்டார். மிஸ்ஸுடைய சாமானைப் பொலிசுவரைக்கும் போக வைத்துவிட்டேன், நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் நீங்கள் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் பின்னேரம் கடையிலிருந்து திரும்பி வரும்போது, தாம்போதி நடுவில், பின்னால் பஸ் வருகிற சத்தம் நன்றாகவே கேட்டதாம். காற்று பின்னாலிருந்துதான் வீசியதாம். பழக்கதோஷத்தில் இடது கால் இறங்கப் போனதாம்.

"அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு மிஸ். ஒரு நாளைக்காவது ஆம்பிளையா நேர போவமெண்டு இறங்காமப் போன. பயத்தில நான்தான் கொஞ்சம் ஆடியிருப்பன். இல்லாட்டி அது அவ்வளவு கிட்ட வராதுதானே."

பொலிசாரிடமும் அப்படியே சொல்லிவிட்டாராம். பஸ்காரன் சொன்னதும் அதுதானாம்: கிழவன் ஆடினான், குறுக்கே வந்தான். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனதில் பொலிசாருக்கும் வேலை சுகமாகிவிட்டது. இல்லை ஐயா, நீங்கள் ஆடவில்லை என்று சொல்ல ரிப்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் கூடவே வந்தது. ஒன்றையும் யோசிக்காதீங்க ஐயா, சுகமாகும் என்று பொதுவாக எதையோ சொல்லி, அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெளியே வரும் வழியில் ஆச்சிப்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து, நீங்கள் வந்ததே பெரிய ஆறுதல் மிஸ் என்றாள். அடி வாங்கியதுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை அலுவலகத்தில், ஒதுக்கிவைத்திருந்த பதிவுகளை அவள் மறுபடி திறந்தாள். இரண்டு மாதமாக அவளுடைய கணினியிலேயே கிடந்தவைதான். திறந்து ஒழுங்காகப் பார்க்கக் கொஞ்ச நேரம் கூடச் செல்லவில்லை. பேக் ஆடுவதென்றால் ஆரையம்பதிச் சந்தையடியில், குண்டும் குழியுமான இடத்தில்தானே அதிகமாக ஆட வேண்டும்? அங்கே ஒரு நெருக்கமும் இல்லை. நெருக்கமெல்லாம் தாம்போதியில் மட்டும்தான். அதுவும் காலையில், கடைக்குப் போகும் திசையில், வெறும் ஹாண்டிலோடு போகிற நேரத்தில். அது மட்டுமா, ஒவ்வொரு நெருக்கத்துக்கும் பின்னால் பட்டன் அமத்தப்பட்டிருந்தது. எந்த ஊரில் மீன் பேக் பட்டன் அமத்தும்? நடுங்குகிற ஒரு மனிதனுடைய பெருவிரல் அமத்தியது அது. ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும். பட்டதாரிக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் அவளை உடைத்தது. அவள் நாவற்குடாவுக்குப் போய் நியாயம் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நெருக்கங்கள் அப்படியே இருந்தன. துளியும் குறையவில்லை. ஆனால் பட்டன் ஒரு தடவைகூட அமத்தப்படவில்லை. பஸ் முழங்கை அளவில் உரசிக்கொண்டு போயிருக்கிறது, அவர் பட்டனில் கைவைக்கவில்லை. படிச்ச பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் அல்லவா. ரிப்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை.

உதயரூபன் சேரிடம் போனாள். நல்ல மனிதர், கத்துகிற பழக்கம் இல்லாதவர். அவள் காட்டியதையெல்லாம் பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். பிறகு அவருடைய கண்ணில் ஓர் உற்சாகம் தெரிந்தது. இது பெரிய விஷயம் ரிப்கா, உடனே திரும்பச் சேருங்கள், தாம்போதி முழுக்கச் சிவப்பாகும், நம் அறிக்கையிலேயே பலமான பகுதி இதுதான் என்றார். பொலிசுக்கும் ஒரு கடிதம் எழுதுகிறேன், அந்த மனிதருடைய வழக்குக்கும் உதவும் என்றார். அவள், நான்தான் சேர் ஒதுக்கினேன் என்று தொடங்கினாள். வடிகட்டும் முறையில் வந்த பிழை அது, உங்களில் பிழை இல்லை, எந்த ஆய்விலும் நடக்கிறதுதான் என்று அவர் கையசைத்து முடித்துவைத்தார். நோயாளியிடம் இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் அவள் வாயால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே, பஸ்ஸுக்கு இறங்க வேண்டாம் என்ற சொல், அது எந்தக் கணினியிலும் பதியவில்லை. அதைச் சேருக்குச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வந்தவளைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்து அனுப்பியதுபோல வெளியே வந்தாள்.

ஆக, தப்பித்துவிட்டாள். இப்படி ஒரு தப்பித்தலை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. அந்தச் சொல் தெரிந்தவர்கள் நல்லரத்தினமும் ஆச்சிப்பிள்ளையும்தான். அவர்களோ அதை ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை. நல்ல புத்தி சொன்ன பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. வீட்டில் உம்மா ஸாலிஹா தட்டில் சோறு போட்டால் பிசைந்துவிட்டு எழும்பினாள். வீதியில் சைக்கிள் மணி கேட்டால் திடுக்கிட்டாள். தொழுதுவிட்டு முசல்லா விரிப்பில் உட்கார்ந்தால் இறைவனிடம் கேட்கிற துஆ ஓட மறுத்தது. அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ்விடம் கேட்கலாம். அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியான் மன்னித்துப் பொருந்திக்கொள்ளாமல் அல்லாஹ்வும் பொருந்திக்கொள்ள மாட்டான். இது ஓதப் போன நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்ததுதான். உம்மா மக்காவுக்கு உம்றாச் செய்யப் புறப்பட்டபோதுகூட, வேலிச் சண்டை போட்ட பக்கத்து வீட்டு றபீக்கா ராத்தாவிடம் போய், பொருந்திக்கொள்ளுங்க என்று கேட்டுவிட்டுத்தான் பயணம் போனா. வேலிச் சண்டைக்கே அப்படி என்றால் ஒரு மனிதனுடைய காலுக்கு?

போனாள். ஆசுபத்திரியில் பார்வையாளர் நேரம், வார்டு முழுக்கச் சனம். நல்லரத்தினம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆச்சிப்பிள்ளை இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரிப்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று நின்றபடியே சொன்னாள். பெட்டி பதிந்தது எல்லாம் சரி என்பதையும், பேக் என்று தான் நினைத்துப் பிழையாக ஒதுக்கியதையும், வாகனங்கள் உண்மையிலேயே அவ்வளவு கிட்டத்தான் வந்திருக்கின்றன என்பதையும் சொன்னாள். பஸ்ஸுக்கு இறங்க வேண்டாம் என்று தான் சொன்னதைப் பொலிசில் எழுதிக்கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். ஆச்சிப்பிள்ளையின் கை இடியப்பத்தில் நின்றது.

நல்லரத்தினம் ஒன்றை மட்டும் கேட்டார்.

"எவ்வளவு கிட்ட?"

ரிப்கா கைகளை நீட்டிக் காட்டினாள். ஒரு முழம் இருக்கும், அதற்கும் குறைவாக இருக்கும். அவர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி அளந்தே காலம் போன மனிதருக்கு அது எவ்வளவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எல்லா நாளுமா என்று கேட்டார். அநேகமாக எல்லாக் காலையும் என்று அவள் சொன்னாள்.

அவள் ஏச்சுக்குத் தயாராக நின்றாள். போடி வெளியே என்று சொன்னாலும் போகத் தயாராக நின்றாள். ஆனால் அந்த மனிதருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. முதலில் வாயில், பிறகு கண்ணில், பிறகு முகம் முழுவதும். கட்டிலில் நிமிர்ந்தார். கால் இழுத்து வலித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"ஆச்சி, கேட்டியா? உண்மையாத்தான் வந்திருக்கு. மிசின் அளந்திருக்கு."

ஆச்சிப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு, அண்ணன், ஊரெல்லாம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றது, இப்போது யூனிவேர்சிற்றி அளந்து சொல்கிறது, முழங்கை அளவுக்குள் பஸ் வந்திருக்கிறது, அதுக்குள்ளால்தான் நான் இவ்வளவு நாளும் போய் வந்திருக்கிறேன் என்றார். எதிர்க் கட்டிலில் பழம் உரித்துக்கொண்டிருந்தவரிடமும் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் பாராட்டவும் செய்தார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி அவர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். கம்பி குத்திய காலோடு அந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததைப் பார்த்து நிற்பதைவிட, அவர் கையால் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று ரிப்காவுக்கு இருந்தது. தலை குனிந்து நின்றாள், கண்ணீர் காலணியில் விழுந்தது.

சந்தோசம் எவ்வளவு நேரம் நிற்கும்? சிரித்துக்கொண்டே அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்த வழியே போனது, கண்ணிலிருந்து முதலில், வாயிலிருந்து பிறகு. ரிப்காவின் பக்கம் திரும்பினார். இதுவரைக்கும் அவளை மிஸ் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"அப்ப ஏன் மகள் இறங்க வேணாமெண்டு சொன்ன?"

"நான் உங்கள நம்பல்ல, ஐயா."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஆச்சிப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையால் தடுத்தார். பொருந்திக்கொள்ளுங்க என்ற சொல்லை ரிப்கா வரும் வழி முழுவதும் நாக்கில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"என்னைய விடுங்க மகள். என்னைய ஆரும் நம்புறல்ல, அது பழகிட்டு," என்றார் நல்லரத்தினம். குரலில் கோபம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது. "மிசின் உங்கடதானே. மிசினையும் ஏன் நம்பல்ல?"

அதற்கு என்ன பதில் என்று ரிப்காவுக்குத் தெரியும். சேரிடம் சொல்லாதது, உம்மாவிடம் சொல்லாதது, தனக்கே இதுவரை சொல்லிக்கொள்ளாதது. அதைச் சொல்லாமல் போனால் வந்ததே வீண். சொன்னால் இந்த மனிதர் இனி தன் முகத்தில் விழிக்க மாட்டார் என்றும் தெரியும். அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அது உங்கட சைக்கிள்ல இருந்தபடியா, ஐயா."